பத்து மணிப் பிளைட்டை ஏழரைக்கு இழுக்க யார் கொடுத்த துணிச்சல்?

திரும்பவும் அதே மெசேஜ். மூன்றே வரி. "செயற்பாட்டுக் காரணங்களினால் உங்கள் பறப்பின் நேரம் மாற்றப்பட்டுள்ளது. புதிய புறப்படும் நேரம் காலை 7.30. சிரமத்துக்கு வருந்துகிறோம்." பழைய நேரம் காலை 10.00. பிந்திப் போனால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையில் குந்தியிருக்கலாம். இது முந்திப் போகுது! கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகிற பிளைட்டை, முதல்நாள் இரவு, ஒரு மெசேஜில், இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு இழுத்து வைக்கிறார்கள். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், எழுதப்போவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எந்த ரிக்கெட் கடைக்குள் போய்க் கேட்டாலும் இப்படியொரு மெசேஜைப் போனில் எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த ஆசனங்களில் யார் வருகிறார்கள் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாதா? ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வளைகுடா வழியாக விடியப்புறம் கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தில் இறங்கி, ஊர்த் திருவிழாவுக்கோ செத்தவீட்டுக்கோ ஓடுகிற சனம். மெசேஜ் வந்து விழும் நேரத்தில் அவர்கள் அரபிக்கடலுக்கு மேலே இருக்கிறார்கள். போன் அணைந்து கிடக்கும். இல்லையென்றால் ரிக்கெட்டில் கொடுத்த நம்பர் கொழும்பிலிருக்கிற மைத்துனருடையது, அவர் நித்திரை. படித்தாரா, படித்து விளங்கிச்சா என்று திருப்பிக் கேட்க ஒருவருமில்லை. அனுப்பியாயிற்று, அத்தோடு அவர்கள் கடமை முடிந்ததாம்.

எழுபது வயது அம்மா ஒருவர் இப்படி வருகிறா என்று வைத்து, மணிக்கணக்கை ஒருதரம் போட்டுப் பாருங்கோ. விடியப்புறம் 4.40க்கு கட்டுநாயக்கவில் சில்லு தரையைத் தொடுகிறது. கதவு திறக்க 5 மணி. அகலமான விமானம் இரண்டு மூன்று ஒன்றாக வந்து இறங்கும் நேரம் அது, குடிவரவு வரிசையில் முக்கால் மணித்தியாலம். 5.45. பெல்ட்டுக்குப் போனால் கடைசிப் பெட்டி வர 6.10. சுங்கம் தாண்டி, வெளியே சனத்தை விலக்கி, வாடகை வான் வண்டியில் பெட்டியை ஏற்ற 6.25. இரத்மலானையில் பிளைட் 7.30 என்றால் கவுண்டர் 6.45க்கே மூடும். அந்த அம்மா வானில் ஏறி இருபது நிமிடத்தில் பிளைட் போனமாதிரித்தான். அவவுக்கு அது இன்னும் தெரியாது.

அறிய முதல் வான் அதிவேகப் பாதையில் ஓடுகிறது. பேலியகொடை வரைக்கும் சுகம், அரை மணித்தியாலம் கூட ஆகாது. பிறகுதான் கொழும்பு. ஒருகொடவத்தை, தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை என்று பேஸ்லைன் வீதி முழுக்கப் பள்ளிக்கூட வான்கள். ஏழு மணிக்கு அந்த வீதியில் ஒரு சந்தியைத் தாண்ட மூன்று சிக்னல் பார்த்திருக்க வேண்டும். பிறகு தெஹிவளைப் பக்கம் இறங்கி, காலி வீதியில் ஊர்ந்து, இரத்மலானைக்குப் போய்ச்சேர எட்டரை. பழைய நேரமே இருந்திருந்தால் கவுண்டர் மூட இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கும், ஆறுதலாக ஒரு பிளேன்டீ குடித்திருக்கலாம். இப்போது எட்டரைக்கு அங்கே ஒரு காவலாளியும் பூட்டின கண்ணாடிக் கதவும்தான். "பிளைட் போட்டுது அம்மா."

வழி தெரிந்த சாரதி கெரவலப்பிட்டியில் வெளிச்சுற்று அதிவேகப் பாதைக்கு ஏறி, கொட்டாவவில் இறங்கி, பிலியந்தலையால் வருவார். தூரம் கூட, ஆனால் நகரத்துக்குள் சிக்காமல் வரலாம். எட்டு மணிக்கு முதல் வந்துவிடுவார். 7.30 பிளைட்டுக்கு அதுவும் உதவாது. எந்தப் பாதையும் உதவாது. கட்டுநாயக்கவும் இரத்மலானையும் கொழும்பின் இரண்டு அந்தத்தில், இடையில் கிட்டத்தட்ட 45 கிலோமீற்றர், நடுவில் நகரம் முழுவதும். இரண்டையும் இணைக்கப் பறப்பு நேரத்துக்கு ஏற்ற ஒரு பஸ் கிடையாது. இதற்குப் பெயர் கனெக்ஷனாம்.

இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வராத பயணி என்று அவ பெயருக்குக் கீறு விழுந்ததும், அதே ரிக்கெட்டிலிருக்கிற திரும்பி வரும் பறப்பும் பல இடங்களில் தானாகவே ரத்தாகிப் போகும். ஊரில் பத்து நாள் நின்றுவிட்டு பலாலிக்குப் போய் நிற்கும்போதுதான் "உங்கள் பெயர் இல்லையே" என்பார்கள். ஆகவே இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் பறப்பைப் பிடிக்க முடியாதென்று தெரிந்த கணமே, அது புறப்பட முதல், நிறுவனத்துக்கு அறிவித்துத் திரும்பும் பறப்பைக் காப்பாற்றச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது, ஈமெயிலில் வாங்குங்கள். மெசேஜுக்குக் கீழே "ஏற்கிறேன்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அவசரத்தில் அமுக்காதீர்கள். அமுக்கினால் மாற்றத்துக்குச் சம்மதித்ததாக ஆகிவிடும், பிறகு வாதாட இடமில்லை. நேரத்தை மாற்றினது அவர்கள். முழுப் பணத்தையும் கேளுங்கள், "மீளளிக்க முடியாத ரிக்கெட்" என்ற கதையை இந்த இடத்தில் எடுக்க விடாதீர்கள்.

பெட்டிப் பிரச்சினை தனி. கனடாவிலிருந்து வருகிறவர் 23 கிலோப் பெட்டி இரண்டோடு வருவார், அதுதான் அந்த வழியில் பொதுவாகக் கொடுக்கிற அளவு. உள்ளூர்ச் சிறு விமானத்தில் அதில் பாதிக்கும் இடமிருக்காது. அது நியாயமான கட்டுப்பாடுதான். செஸ்னா கரவன் மாதிரி ஒற்றை எஞ்சின் விமானம் எல்லாம் சேர்த்து 4 தொன்னோடுதான் கிளம்பலாம், ஆளையும் பெட்டியையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். என் கோபம் அந்த அளவைப் பற்றியதல்ல. அதை ரிக்கெட் எழுதும்போதே வாய்திறந்து சொல்லாததுதான் கோபம். தராசடியில் பெட்டியைத் திறக்க வைத்து, பேரப்பிள்ளைக்குக் கொண்டுவந்த சப்பாத்தையும் பால்மா ரின்னையும் தரையில் பரப்பி, எதை விடுகிறீர்கள் என்று கேட்கிற அந்த நிமிடம் கொடுமை. பலாலிப் பக்கமிருந்து வரும்போது பனங்கட்டியும் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அதே தராசடியில் கிடக்கும்.

"அப்படியென்றால் சென்னையால் வாருங்கள்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. வரலாம். 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு மூடி, சென்னைப் பறப்பு திரும்பத் தொடங்க 2022 டிசம்பர் ஆயிற்று. 2024 செப்டெம்பரில் இன்னொரு இந்திய நிறுவனமும் வந்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியும் சேர்ந்தது. இவை நல்ல விஷயங்கள், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இலண்டன்-சென்னை ஒரு ரிக்கெட், சென்னை-பலாலி வேறு ரிக்கெட் என்று எடுத்தால் என்ன ஆகும் என்று விற்கிறவர் சொல்வாரா? பெட்டி சென்னையோடு நிற்கும். அதை எடுக்க இந்தியக் குடிவரவைத் தாண்ட வேண்டும். தாண்ட இந்திய விசா வேண்டும். விசா இல்லையென்றால் இலண்டன் கவுண்டரிலேயே ஏற்றமாட்டார்கள். ஒரே ரிக்கெட்டாக, பெட்டியைக் கடைசிவரை பதிந்து, உள்ளுக்குள்ளேயே மாறுகிறதென்றால் கதை வேறு. ஆகவே புறப்படும் இடத்தில் பெட்டியில் கட்டும் அந்த நீளச் சீட்டைப் பாருங்கள். கடைசி மூன்று எழுத்து ஜே-ஏ-எஃப் என்றிருந்தால் பெட்டி பலாலிக்கு வரும். எம்-ஏ-ஏ என்றிருந்தால் சென்னையில் உங்களைப் பார்த்துக்கொண்டு சுற்றும். கையில் ரிக்கெட் இருக்கிறதென்று நம்பி நடக்காதீர்கள், சீட்டை வாசியுங்கள்.

இரண்டு தனி ரிக்கெட்டில் இன்னொரு ஆபத்து. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடக்கில் மாரி. முகில் தாழ்ந்து, விமானி ஓடுபாதையைக் காணாவிட்டால் திரும்பிப் போகத்தான் வேண்டும், அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பெரிய விமான நிலையமென்றால் அடுத்த பிளைட் இரண்டு மணித்தியாலத்தில். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் வருகிற இடத்தில் அடுத்தது மறுநாள்தான். அந்த ஒரு நாளைத் தாங்க முடியாத பயணத்தை மாரியில் இப்படி இரண்டு துண்டாக எடுக்கவே கூடாது.

இந்தக் கோலத்தில் பலாலியில் "பயணிகள் வளர்ச்சி" என்று மேடையில் பேச்சு. மூடிக் கிடந்த ஆண்டோடு ஒப்பிட்டால் பத்துப் பேர் வந்தாலும் வளர்ச்சிதான். கணக்கை நேரே போடுங்கோ. இங்கே வருகிற ஏடிஆர் 72-600 என்ற விமானத்தில் ஆசனம் மிஞ்சிப்போனால் 78. ஒன்று வந்து ஒன்று போனால் ஒரு நாளைக்கு 156 பேர். 365 நாளும் ஒரு ஆசனம்கூடக் காலியில்லாமல் பறந்தாலும் ஆண்டுக்கு 56,940. ஒரு விமானத்தின் உச்சம் அவ்வளவுதான். விமான எண்ணிக்கை கூட வேண்டும், இல்லையென்றால் பெரிய விமானம் வர வேண்டும். பெரியது வர என்ன தேவை? முழு எடையோடு ஏடிஆருக்கு ஏறக்குறைய 1,300 மீற்றர் ஓடுபாதை போதும். ஏ320 மாதிரிப் பெரிய விமானத்துக்கு 2,000 மீற்றருக்கு மேல். நீளத்தோடு விட்டதா? ஏடிஆர் 23 தொன், ஏ320 78 தொன் வரைக்கும் போகும். தார் மேலே பூசினால் தாங்காது, அடித்தளமே வேறு. தீயணைப்புப் பிரிவும் ஒரு தரம் உயர வேண்டும், 27 மீற்றர் நீளமான ஏடிஆருக்கு ஐந்தாம் தரம், 37 மீற்றர் நீளமான ஏ320க்கு ஆறாம் தரம். தண்ணீர், வண்டி, ஆள் எல்லாம் கூடும்.

ஓடுபாதை நீளுகிறது என்றவுடன் வலிகாமம் வடக்குச் சனத்துக்கு வயிறு எரியும். 1990இல் யுத்தத்தால் கட்டின துணியோடு எழும்பிப் போனவர்களின் காணி அங்கே சுற்றிவரக் கிடக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுக் கதைத்து, காணிக்கு நியாயம் சொல்லாமல் ஒரு அடி தார் போடக்கூடாது. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

ஆனால் நேரத்தை ஒழுங்காக வைக்க எந்தக் காணியும் தேவையில்லை! கட்டுநாயக்கவில் விடியப்புறம் இறங்குகிற பிளைட்டுகளின் நேரம் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின் ஐந்து மணித்தியாலம் விட்டு இரத்மலானைப் பறப்பை வைக்கலாம். ரிக்கெட் விற்ற ஒவ்வொரு பறப்புக்கும் கட்டுநாயக்க வாசலிலிருந்து ஒரு பஸ் விடலாம். அதைவிட நல்லது, கட்டுநாயக்கவிலிருந்தே பலாலிக்குக் கிளப்புவது. சுற்றுலாக்காரருக்காகச் சிகிரியாவுக்கும் கொக்கலவுக்கும் அங்கிருந்து சிறு விமானம் கிளம்பியிருக்கிறது. வடக்குக்கென்றால் மட்டும் ஏன் நகரத்தைக் குறுக்கறுத்து ஓடவேண்டும்?

1947 டிசம்பர் 10. எயார் சிலோனின் முதலாவது பறப்பு. டக்கோட்டா விமானம், இரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கிருந்து சென்னை. ஒரே விமானம், ஒரே வழி. கணினி இல்லை, மெசேஜ் இல்லை. எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் அதே மூன்று ஊரையும் இணைக்கிற ஒரு ரிக்கெட்டை வெள்ளவத்தைக் கடையில் கேட்டால் எழுதித் தர முடியாமல் கையை விரிக்கிறார்கள். இதற்கு யாருக்கும் வெட்கமில்லையா?

கடைசியில் அந்த எழுபது வயது அம்மா என்ன செய்வா? பூட்டின கதவடியிலிருந்து வானைத் திருப்பி, புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று 400 கிலோமீற்றர் போவா. கால் வீங்கி, இருட்டுப்படும் நேரத்தில் இறங்குவா. கட்டுநாயக்கவிலிருந்து நேரே வடக்கே போயிருந்தால் பத்து மணிக்கு முதல் அநுராதபுரம் தாண்டியிருப்பா. அதனால்தான் சனம் இரண்டாந்தரம் இந்தப் பறப்பை எடுப்பதில்லை. வான்காரருக்கு முதல்நாளே சொல்லி வைத்துவிடுகிறார்கள். பிறகு ஆசனம் காலியாகப் போகுது, கட்டுப்படியாகவில்லை என்று பறப்பையே நிறுத்துவார்கள். சில மாதம் கழித்துத் திரும்பத் தொடங்குவார்கள், மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். இது எத்தனையாவது சுற்று?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. இந்த முன்பதிவுத் தளங்களில் "குடும்பப் பெயர்" என்ற பெட்டி. தகப்பன் பெயர் ஒருவருக்கு முன்னுக்கு, இன்னொருவருக்குப் பின்னுக்கு, மற்றவருக்கு வெறும் எழுத்து. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடமே வெறுமையாக இருக்கிற ஆட்களும் உண்டு. ஒரு நிறுவனம் பெயரை இரண்டு தரம் எழுதச் சொல்லும், அடுத்தது புள்ளி போடச் சொல்லும், மூன்றாவது இருபத்தெட்டு எழுத்துப் பெயரை நடுவில் வெட்டிவிட்டு "பெயர் பொருந்தவில்லை" என்று திருத்தக் காசு கேட்கும். வெட்டினது அவர்களுடைய கணினி, காசு எங்களுடையதா? ரிக்கெட் வந்தவுடன் கடவுச்சீட்டின் அடியிலுள்ள இரண்டு வரி எழுத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருந்தால் அன்றைக்கே பிடியுங்கள், எடுத்த நாளிலேயே சொன்னால் பெரும்பாலும் காசில்லாமல் திருத்தலாம். பிந்திப் போனால் திருத்தக் காசு கேட்பார்கள்.