அக்காவை உட்காரச் சொன்னவர்களுக்கு

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு ஆறவில்லை.

சென்னைத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் எங்களுக்கு வெள்ள விழிப்புணர்வு சொல்லித்தர வந்தவர்கள், திரையில் செம்பரம்பாக்கம் ஏரியைக் காட்டி, எத்தனை அடி வந்தால் என்ன எச்சரிக்கை என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் கடைசி வீட்டு அக்கா எழுந்தார். "சார், அந்தத் தண்ணி திருநீர்மலைகிட்டதான் அடையாறுல சேருது. நாங்க அதுக்கும் மேல இருக்கோம். எங்களுக்கு ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரித் தண்ணிதான் சார் வரும்."

"அம்மா, உட்காருங்க. கேள்வியெல்லாம் கடைசியில."

கடைசியில் கேள்வி நேரமே இல்லை. குரூப் போட்டோ எடுத்தார்கள். அதற்கு மட்டும் அக்காவை முன்வரிசைக்குக் கூப்பிட்டார்கள்.

அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைத்தான் ஊரே இன்றைக்கும் பேசுகிறது. அது சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் அடித்த தண்ணீர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதே, மேலே இருந்த ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்ததே, அதில் மூழ்கியவர்கள் நாங்கள். செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

அன்றைக்கு எங்களைக் கிளப்பியது எந்த எச்சரிக்கையும் இல்லை. கரண்ட் கிடையாது, போன் கிடையாது. எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை, பாத்ரூம் ஓட்டை வழியாகப் பொங்கியது. மழைத் தண்ணீர்தான், வடிந்துவிடும் என்று நான் துணியை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா முழங்கால் தண்ணீரில் வந்து கதவைத் தட்டினார். தெருத் தண்ணீரைக் கையில் அள்ளி டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். செம்மண் நிறம். "இது மழைத் தண்ணி இல்ல தம்பி. ஏரி வழிஞ்சு வர்ற தண்ணி. அம்மாவைத் தூக்கிட்டு மாடிக்குப் போ." அக்காவின் அப்பா அந்தப் பக்கத்து ஏரியில் நீர்க்கட்டியாக, அதாவது தண்ணீரைத் திறந்து பங்கிட்டு விடுகிறவராக இருந்தவர். மடை திறப்பதும், ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கலில் வழிவதும் சின்ன வயதிலிருந்து அக்கா பார்த்து வளர்ந்த விஷயம். ஒரு மணி நேரத்தில் என் கட்டில் மிதந்தது. அம்மாவால் அப்போது எழுந்து நடக்க முடியாது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அந்த மனுஷியைத்தான் உட்காரச் சொன்னீர்கள்.

"ஏரியில வீடு கட்டிட்டு இப்ப என்ன பேச்சு" என்று சிலர் கமென்ட் போடுவீர்கள் என்று தெரியும். மனைக்கு அப்ரூவல் கொடுத்தது யார்? பத்திரம் பதிந்தது, கரண்ட் கொடுத்தது, வருஷா வருஷம் வரி வாங்கியது யார்? என் அப்பா முப்பது வருஷச் சம்பளத்தை இந்த மண்ணில் போட்டார். வாங்கும்போது யாரும் அவரிடம் ஏரி என்று சொல்லவில்லை. மூழ்கிய பிறகுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை மூடிக் கட்டியவர்களிடம் இதே கேள்வியை இதே குரலில் கேட்டிருக்கிறீர்களா?

வந்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள் என்கிறார் ஒரு நண்பர். இருக்கலாம். நல்ல எண்ணம் இருப்பவர் இரண்டு நிமிடம் காது கொடுத்திருக்கலாம்.

பேனரில் 'காலநிலை மாற்றத்துக்குத் தகவமைதல்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. கடல் சூடாகிறது, ஒரு வாரம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டுகிறது என்றார்கள். சரி, உண்மைதான். 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் திரும்பவும் படகு ஓடியது. அதனால்தான் சொல்கிறேன், எந்தத் தெருவில் எந்த வழியாக, எந்த நிறத்தில் தண்ணீர் வரும் என்று தெரிந்தவர்களைத் திட்டத்துக்குள் கூட்டி வாருங்கள். வங்கதேசத்தில் 1970 புயலில் லட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகு, கிராமத்து ஆட்களையே தொண்டர்களாக்கி, கையில் மெகாபோன் கொடுத்து, வீடு வீடாக எச்சரிக்க வைத்தார்கள். இன்றைக்கு அங்கே புயல் சாவு எவ்வளவோ குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் ஜனங்கள் கிளம்புவார்கள். எங்களுக்குக் கொடுத்ததோ பிஸ்கட் பாக்கெட்டும் கையெழுத்துப் போட ஒரு தாளும்.

நேற்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா தம்பி? எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டாங்களே."

2015-க்கு அப்புறம் அக்கா தன் காம்பவுண்டுச் சுவரில் கரியால் மூன்று கோடு போட்டிருந்தார். முதல் கோடு தொட்டால் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், இரண்டாவது தொட்டால் வயசானவர்களை மாடிக்கு ஏற்ற வேண்டும், மூன்றாவதுக்குக் காத்திருக்கவே கூடாது. போன பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் கோடுகள் போய்விட்டன. ஐப்பசி நெருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பெயின்ட்டோடு போகிறேன். தெருவில் எல்லார் சுவரிலும் போடப்போகிறோம், எந்த உயரத்தில் என்று அக்கா சொல்வார். அந்தக் கூட்டத்தை நடத்தியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வாருங்கள்.