'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தைத் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள்

ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) டிஸ்க் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வரும் கேள்வி, "பிரிண்ட் எவ்வளவு கிளீன்?" என்பதுதான். கேள்வியே தப்பு என்பது என் கட்சி. அணுகுண்டுப் பைத்தியத்தைக் கிண்டலடிக்கும் இந்தப் படம், கடைசிவரை ஒரு சீரியஸான போர்ப்படம் போல முகத்தை வைத்துக்கொண்டேதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. அந்த முகம் கில்பர்ட் டெய்லரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு. அதைத் தேய்த்துக் கழுவினால் கிண்டலும் தண்ணீரோடு போய்விடும்.

படத்துக்குள் மூன்று தோற்றங்கள் உண்டு. பர்பெல்சன் விமானத்தளத்தைத் தாக்கும் காட்சிகள், கேமராவைக் கையில் பிடித்து, கிரெய்ன் (ஃபிலிமின் இயல்பான பொடிப்புள்ளிகள்) தெறிக்க, செய்திப்படம் மாதிரி எடுக்கப்பட்டவை. பி-52 குண்டுவீச்சு விமானத்துக்குள் இடநெருக்கடி, கருவிகள், கடுமையான நிழல். வார் ரூமோ (ஜனாதிபதியும் தளபதிகளும் கூடும் போர் ஆலோசனை அறை) கலை வடிவமைப்பாளர் கென் ஆடம் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் போட்ட பிரம்மாண்ட செட்: வட்ட மேசை, அதற்கு மேலே வளையமாக விளக்குகள், கீழே மினுங்கும் கறுப்புத் தரை. டிவியில் இந்தப் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டுவிட்டால் மூன்றுக்கும் ஒரே மெழுகைப் பூசின மாதிரி ஆகிவிடும். ஷார்ப்னஸையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள் (சில டிவிகளில் நடு எண்தான் பூஜ்யம்). அசைவை செயற்கையாக வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, அசல் கேமரா நெகட்டிவ் இன்று இல்லை. அடுத்தடுத்த தலைமுறைப் பிரதிகளை வைத்துத்தான் சோனி 4கே சீரமைப்பைச் செய்தது. அதனால் ஷாட்டுக்கு ஷாட் கிரெய்னும் கான்ட்ராஸ்டும் கொஞ்சம் மாறும். அதை டிஸ்கின் கோளாறு என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பட விகிதம், அதாவது உயரத்தைப் போல அகலம் எத்தனை மடங்கு என்பது. பழைய லேசர்டிஸ்கிலும் முதல் டிவிடிகளிலும் படம் 1.33-க்கும் 1.66-க்கும் மாறி மாறித் தாவும். 2009 ப்ளூ-ரே, 2016-ல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரே, 2020-ல் கொலம்பியா கிளாசிக்ஸ் பெட்டியில் வந்த 4கே எல்லாமே சீராக 1.66. பார்க்க அதுதான் சுகம். ஆனாலும் பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம், சில ஷாட்களில் மேலும் கீழும் கூடுதல் படம் கிடைக்கும்.

1920-க்கு 1080 திரையில் 1.66 படம் ஏறத்தாழ 1793 பிக்சல் அகலம்தான். இடமும் வலமும் சுமார் 63 பிக்சலுக்குக் கறுப்புப் பட்டை தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால் டிவி படத்தை ஜூம் செய்கிறது, அல்லது இழுக்கிறது, அல்லது ஓவர்ஸ்கேனில் (ஓரங்களை வெட்டிக் காட்டும் அமைப்பில்) இருக்கிறது. திரையை நிரப்ப ஜூம் செய்தால் உயரத்தில் சுமார் 7 சதவீதம் வெட்டுப்படும். இழுத்தால் எல்லோரும் அதே அளவு குண்டாகிவிடுவார்கள்.

கறுப்பு அளவில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான எண் அளவை (ரேஞ்ச்) பிளேயர் 'ஃபுல்' என்று அனுப்பி, டிவி 'லிமிடெட்' என்று எடுத்துக்கொண்டால், வார் ரூமில் கறுப்புக் கோட்டுகள் இருட்டோடு ஒட்டிக்கொள்ளும். தலைகீழாக இருந்தால் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் இருக்கட்டும். கலர் டெம்பரேச்சரை வார்மில் வையுங்கள். கூல் வைத்தால் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாரித்துப்போகும்.

ஒலிக்கு மோனோ (ஒற்றைத் தட ஒலி) டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். 5.1 (சுற்றொலி) பின்னாளில் செய்த கலவை. பீட்டர் செல்லர்ஸின் மூன்று வேடங்களில் ஜனாதிபதி மஃப்ளிதான் எனக்கு உச்சம். ரஷ்யத் தலைவரோடு அவர் பேசும் தொலைபேசிக் காட்சியில் எதிர்முனைக் குரல் நமக்குக் கேட்கவே கேட்காது. நகைச்சுவை முழுக்க அந்த இடைவெளிகளில் இருக்கிறது. இதே காரணத்துக்காகப் பழைய PAL (ஐரோப்பா, இந்தியா போன்ற நாடுகளின் டிவி முறை) டிவிடியைத் தவிர்க்கலாம். நொடிக்கு 24 ஃபிரேமை 25-ல் ஓட்டுவதால் 95 நிமிடப் படம் 91 நிமிடத்தில் முடிந்துவிடும், மௌனங்களும் அந்த விகிதத்தில் சுருங்கும். சப்டைட்டிலும் இப்படி நகைச்சுவையின் நேரத்தைக் கெடுக்கும். சண்டை போட இது இடமில்லை, இது வார் ரூம் என்று மஃப்ளி வாய் திறப்பதற்குள் எழுத்து ஜோக்கைச் சொல்லிவிடும். ஒரு தடவை சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு அடுத்த தடவை அணைத்துவிடுங்கள்.

"வெட்டாத பதிப்பு" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். முடிவுக்காக எடுத்த கேக் வீச்சுச் சண்டையைக் குப்ரிக்கே வெளியீட்டுக்கு முன் நீக்கிவிட்டார். எந்த டிஸ்கிலும் அந்தக் காட்சி கிடையாது.

4கே டிவி இல்லாதவர்களுக்குக் கிரைட்டீரியன் ப்ளூ-ரே தாராளமாகப் போதும். ஆனால் ப்ளூ-ரே டிஸ்குகளுக்கு நாடுவாரியாக மண்டலங்கள் உண்டு: அமெரிக்கப் பதிப்பு ஏ மண்டலத்துக்கு (அமெரிக்கா முதலியவை) பூட்டப்பட்டது, பி மண்டல (ஐரோப்பா முதலியவை) பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்குக்கு அந்தத் தொல்லை இல்லை.