தழை மின்னாது

போன வாரம் நள்ளிரவு தாண்டி உளுந்தூர்பேட்டை வழியாகத் திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன பஸ் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கியது. அது விலகிய இடத்தில் ஒரு டிப்பர் லாரி நின்றது. பாதி உடல் சாலையில். விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. பின்னால் இரண்டு வேப்பங்கிளை, நான்கு கருங்கல். அத்தான் வண்டியை ஒடித்ததில் என் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் கண்ணாடியில் போய் மோதியது.

ஓரங்கட்டிவிட்டு நடந்து போய்க் கேட்டேன். (இருட்டில் போனதற்கு அக்கா இன்னும் திட்டுகிறாள்.) “தழை வைத்திருக்கிறேனே சார்” என்றார் ஓட்டுநர், உண்மையான மனத்தாங்கலோடு. சாலையில் வைக்கும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் இல்லையா என்றதும் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். உறைகூடப் பிரிக்கவில்லை. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, காட்ட வாங்கியதாம். பின்பலகையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். சேற்றுக்கு அடியில் சிவப்பு ஒளிர்பட்டை பத்திரமாக இருந்தது. ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்திருந்தால் போதும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் முப்பது நாற்பது மீட்டர் போய்விடும். வண்டி நிற்க அதன் பிறகும் தூரம் வேண்டும். டிம் லைட்டில் ஐம்பது அறுபது மீட்டருக்கு மேல் ஒரு கறுத்த லாரி எங்கே தெரியப்போகிறது? வேப்பிலை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. முக்கோணம் அனுப்பும். அதற்கு பேட்டரியும் வேண்டாம், வயரிங் கருகி நிற்கும் வண்டிக்கு அதுதான் துணை. ஆனால் அதை லாரியின் காலடியில் வைத்துப் பயனில்லை, பின்னால் அறுபது எழுபது தப்படி நடந்து வைக்க வேண்டும்.

செய்தித்தாளில் எப்போதும் ஒரே வாக்கியம்தான்: ‘நின்றுகொண்டிருந்த லாரி மீது கார் மோதியது’. மோதியவன் தூங்கியிருப்பான் என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். தூங்கியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆபத்தாக வண்டியை நிறுத்துவதே மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவின்படி குற்றம். தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய பொறுப்பு நிற்பவனுக்குத்தான் முதலில் என்பேன். எஃப்.சி. நாளில் பட்டையைப் பார்க்கும் அதிகாரிகள், சுங்கச்சாவடியில் இரவு பத்து மணிக்கு ஒரு டார்ச்சை அடித்துப் பார்க்கட்டும்.

மறுநாள் மாலை அதே வழியில் திரும்பினோம். நடுத்திட்டு அரளிகளுக்கு அந்தப் பக்கம் லாரி இல்லை. நான்கு கற்களும் அப்படியே கிடந்தன. பைக்கில் வந்த ஒருவர் வளைத்து ஓட்டித் தப்பினார்.