எரிந்துபோன எலும்புகளும் எஞ்சிய வரைபடங்களும்

மீன் தின்னும் டைனோசர் என்று இன்று பிள்ளைகள் எல்லோரும் அறிந்திருக்கும் ஸ்பைனோசோரஸின் முதல் எலும்புகள் இப்போது உலகில் எங்கும் இல்லை. 1912இல் எகிப்தின் பஹரியாப் பாலைவனச் சோலையில் கிடைத்த அவற்றை ஆராய்ந்து, 1915இல் அவ்விலங்குக்குப் பெயரிட்டவர் ஜெர்மன் அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சேகரிப்பைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும்படி அவர் கேட்டும் மியூனிக் அருங்காட்சியகத்தின் பணிப்பாளர் இணங்கவில்லை. 1944 ஏப்ரலில் பிரித்தானிய விமானங்கள் வீசிய குண்டுகளில் கட்டடத்தோடு எலும்புகளும் அழிந்தன. வன்னியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஸ்ட்ரோமர் ஒவ்வோர் எலும்பையும் அளந்து, நுணுக்கமாக வரைவித்து அச்சிட்டிருந்தார். நீண்டு ஒடுங்கிய கீழ்த்தாடை, சதையை அறுக்கும் அரம்பவிளிம்பு இல்லாத கூம்புப் பற்கள், ஒன்றரை மீற்றருக்கும் மேல் உயர்ந்த முதுகு முட்கள் ஆகியவற்றைப் பல பத்தாண்டுகளாக உலகம் அந்தத் தாள்களிலிருந்தே அறிந்தது. வழுக்கும் இரையைக் குத்திப் பிடிக்கும் முதலைக்கு உரிய பல்லமைப்பு இது. பின்னர் மொராக்கோவில் கிடைத்த ஒரு மேல்தாடையில், பல்லருகே மீன் ஒன்றின் முள்ளெலும்பு சிக்கியிருந்தது. இதைவிட நேரடியான சாட்சியை நான் எதிர்பார்க்கமாட்டேன்.

2014இல் மொராக்கோவின் புதிய எலும்புக்கூட்டை தொல்லுயிரியலாளர் நிசார் இப்ராகிம் குழுவினர் விவரித்தபோதும், விடுபட்ட பகுதிகளை நிரப்ப ஸ்ட்ரோமரின் வரைபடங்களே உதவின. 2020இல் அதே விலங்கின் துடுப்புப் போன்ற அகன்ற வால் வெளியிடப்பட்டது. அவ்விலங்கு இரையை நீந்தித் துரத்தியதா, இரணைமடுக் குளத்தில் நாம் காணும் நாரையைப்போல் ஆழமற்ற நீரில் நின்று கொத்தியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நீந்தும் அரக்கனாக மட்டும் அதைக் காட்டும் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த விவாதத்தையும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடப்பெயர்வுகளில் காணி உறுதிகளையும் குடும்பப் படங்களையும் இழந்த நாம், பொருள் அழிந்தாலும் பதிவு எஞ்சக்கூடும் என்பதை ஸ்ட்ரோமரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பூநகரிப் பக்கம் கிணறு வெட்டும்போதும் குளக்கட்டுத் திருத்தும்போதும் வெளிப்படும் பழைய பானையோடுகளை மாணவர்கள் அளந்து, வரைந்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறிக்கட்டும். அந்தப் பதிவின் ஒரு பிரதி பாடசாலையிலும் இன்னொன்று வேறோர் ஊரிலும் இருக்க வேண்டும். வரலாறு, விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். ஒரு கொப்பி, ஓர் அடிமட்டம், ஒரு பென்சில் போதும்.