யோகி பி திடீரென்று முளைத்தவர் இல்லை

நம் மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பியைப் பற்றி ஒரு நண்பர் தன் பதிவில், “யோகி பி ‘மடை திறந்து’ ரீமிக்ஸில்தான் ஆரம்பித்தார், சொந்தச் சரக்கு கிடையாது” என்று எழுதியிருக்கிறார். அது தப்பு, சகோ. அந்தப் பாட்டு உள்ள ‘வல்லவன்’ ஆல்பம் 2006-இல் வந்தது. கோலாலம்பூரில் அவர் இருந்த போயடிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பம் 1998-லேயே வந்துவிட்டது. ஆங்கிலம், மலாய், கேண்டனீஸோடு தமிழிலும் ராப் பாடிய பையன்கள் அவர்கள்! எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அந்தக் கேசட் நாடா தேயும்வரை ஓடியது.

‘மடை திறந்து’வையே இன்னொரு தடவை கேளுங்கள். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படப் பாட்டின் மெட்டு இளையராஜாவுடையது, சரி. ஆனால் அதைச் சுற்றி ஓடும் ராப் வரிகள் நம் ஊர்ப் பையன்கள் எழுதியவை. கோடம்பாக்கம் அதற்குப் பிறகுதான் கூப்பிட்டது: ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’, 2017-இல் ‘விவேகம்’.

இத்தனை வருஷ உழைப்பை ‘ரீமிக்ஸ்’ என்று ஒதுக்க மனசு கேட்கவில்லை. பதிவைத் திருத்திவிடுங்கள்.