பிறந்த தேதி மட்டும் போதாது

“முப்பது வயதுக்குப் பிறகு சூரிய ராசியை விட்டுவிடுங்கள், லக்னம்தான் உண்மையான ராசி; அதைப் பிறந்த தேதியை வைத்தே அறியலாம்” என்று சிலர் எழுதுவதில் இரண்டுமே தவறு.

சூரிய ராசி என்பது பிறந்தபோது சூரியன் இருந்த ராசி. சூரியன் ஒரு ராசியில் ஏறக்குறைய 30 நாட்கள் இருக்கிறது; அதற்குத் தேதி பெரும்பாலும் போதும். லக்னம் அப்படியல்ல. பிறந்த நொடியில் கிழக்குத் தொடுவானில் உதிக்கும் ராசி அது. பூமி சுழல்வதால் 24 மணி நேரத்தில் 12 ராசிகளும் உதிக்கின்றன, சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இந்த நேரம் ராசிக்கு ராசி வெகுவாக மாறும். ஆகவே பிறந்த நேரமும் ஊரும் இல்லாமல் லக்னம் சொல்பவரை நம்பாதீர்கள். ஒரே நாளில் சூரிய உதயத்தில் பிறந்தவருக்கு லக்னமும் சூரிய ராசியும் பெரும்பாலும் ஒன்றே. அஸ்தமனத்தில் பிறந்தவருக்கு லக்னம் நேர் எதிரே, ஏழாம் ராசியில் விழும்.

வயதுக் கணக்கும் பொருந்தாது. பிறப்பு ஜாதகத்தில் இரண்டும் கடைசிவரை மாறுவதில்லை. சோதிட முறைப்படி வீடுகளை, அதாவது ஜாதகத்தின் 12 பகுதிகளை, எண்ணத் தொடங்கும் இடம் லக்னம். சூரியன் அவற்றில் ஒன்றில் நிற்கும் கிரகம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால் பாதி ஜாதகத்தைத்தான் படிக்கிறீர்கள். பிறந்த நேரம் தெரியாதவர்கள் சூரிய ராசிப் பலனையே படிக்கலாம், ஊகித்த லக்னத்தைவிட அது மேல்.