600 மி.மீ. வாங்கியாச்சு, அதைத் தாங்கப்போவது எது?

வேடந்தாங்கல் சீசன் ஆரம்பித்துவிட்டால் ஏரிக்கரை முழுக்க ஒரே காட்சிதான். தவணையில் வாங்கிய 150-600 மி.மீ. டெலி லென்ஸ் (தூரத்துப் பறவையைக் கிட்டக் காட்டுவது), அதை மாட்டிய கேமரா பாடி, இரண்டையும் கழுத்தில் தொங்கவிட டப்பாவோடு வந்த ஒல்லி ஸ்ட்ராப். இல்லையென்றால் கல்யாண வீடியோவுக்கு வாங்கிய ட்ரைபாடில் பாடியின் அடிப்பக்கத்தைத் திருகி மாட்டி, முன்பாரம் தாங்காமல் தரையைப் பார்த்துக் கவிழ்ந்து நிற்கும் லென்ஸ். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும், "ஷார்ப்பா இல்லையே, லென்ஸை மாத்திடலாமா?" என்ற கேள்வி வரும்.

மாற்ற வேண்டாம். லென்ஸில் கோளாறு இருப்பது அபூர்வம். தூக்குவதிலும் பிடிப்பதிலும்தான் கோளாறு. அதற்கு மருந்து பெரிய ட்ரைபாடும் இல்லை என்பது என் கட்சி. 3 கிலோவுக்குக் குறைந்த லென்ஸ் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல ஸ்ட்ராப், பிறகு மோனோபாட் என்ற ஒற்றைக்கால் குச்சி, பிறகு ஒரு பீன் பேக், அதாவது லென்ஸைக் கிடத்தப் பயறு நிரப்பிய பை. ட்ரைபாடும் கிம்பலும் (லென்ஸைச் சமனில் தாங்கும் ட்ரைபாட் தலை) நாலாவது இடத்தில் வந்தால் போதும். பலர் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

முதலில் எடைக் கணக்கு. சிக்மா 150-600 கான்டெம்பரரி 1,930 கிராம். டாம்ரான் 150-600 ஜி2 2,010 கிராம். சோனி 200-600, ட்ரைபாடில் மாட்டும் அடிக்காலை எடுத்துவிட்டே 2,115 கிராம். நிக்கான் 200-500 காலரோடு (லென்ஸைச் சுற்றி அந்தக் காலைத் தாங்கும் வளையம்) 2,300 கிராம். இதில் பாடி, பேட்டரி, பிளேட் (லென்ஸை ட்ரைபாடில் பூட்டும் தகடு) எல்லாம் சேர்த்தால் கையில் நிற்பது சுமார் 3 கிலோ. பெரிய ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களும் முன்னைப்போல இல்லை. கேனான் 600 எஃப்4 இரண்டாம் பதிப்பு 3,920 கிராம் இருந்தது, 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு 3,050 கிராமுக்கு இறங்கிவிட்டது. லென்ஸ்கள் இளைத்துவிட்டன. "டெலி என்றால் ட்ரைபாட்" என்ற பழைய அறிவுரை மட்டும் இளைக்கவே இல்லை.

தூக்குவதற்கு ஒரே விதிதான்: எது கனமோ அதைப் பிடி. பாடி 700 முதல் 900 கிராம், லென்ஸ் 2 கிலோ. பாடியின் வளையங்களில் ஸ்ட்ராப் கட்டித் தொங்கவிட்டால் லென்ஸின் மொத்த பாரமும் மவுண்ட்டில், அதாவது சில சின்ன ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும் ஓர் உலோக வளையத்தில் இறங்கும். சும்மா நிற்கும்போது அது தாங்கும். படியில் இறங்கும்போதும் பைக்கில் குழியில் விழும்போதும் லென்ஸின் நீளமே நெம்புகோலாகி மவுண்ட்டை நெம்பும். கண்ணுக்குத் தெரியாத அளவு மவுண்ட் சாய்ந்தாலே படத்தில் ஒரு பக்கம் ஷார்ப்பாகவும் மறுபக்கம் மொழுக்கென்றும் வரும். கம்பெனி ஸ்ட்ராப் டப்பாவிலேயே தூங்கட்டும்.

ஸ்ட்ராப் மாட்ட வேண்டிய இடம் லென்ஸின் காலர் கால். குறுக்காகத் தோளில் போடும் ஸ்லிங் வகைதான் சரி. லென்ஸ் கீழ்நோக்கி இடுப்புக்குப் பின்னால் தொங்கும், கழுத்துக்கு வேலை இல்லை. ஆனால் ஸ்லிங்கில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கும் வகை நடக்க நடக்க ஆடி, ஸ்க்ரூவை மெல்லத் திருகிக் கழற்றும். ரப்பர் வாஷர் நசுங்கும்வரை இறுக்குங்கள், அரை மணிக்கு ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். அதோடு பாடியின் வளையத்திலிருந்து ஸ்ட்ராப்புக்கு இன்னொரு சின்னக் கயிறு கட்டாயம் போடுங்கள். ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். ஸ்ட்ராப்பைக் கேமராவோடு இணைக்க நூல் முடிச்சு வகை ஆங்கர் பயன்படுத்துகிறவர்கள், கறுப்பு நூல் தேய்ந்து உள்ளே வேறு நிறம் எட்டிப் பார்த்தால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

பைக்கில் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் பையை வைப்பது, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைப்பது இரண்டும் வேண்டாம். எஞ்சினின் நடுக்கம் நேரே லென்ஸுக்குள் போகும். முதலில் தளர்வது காலர் காலின் ஸ்க்ரூக்கள். முதுகில் பேக்பேக், இடுப்பு பெல்ட்டைப் பூட்டியபடி, அதுதான் வழி. உடம்பே பாதி அதிர்வை வாங்கிக்கொள்ளும். பையில் ஓர் ஆலன் கீ எப்போதும் இருக்கட்டும். கழற்றவே போவதில்லை என்கிற ஸ்க்ரூவுக்கு நீல நிற த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பு போட்டால் பிறகு சூடு காட்டித்தான் கழற்ற முடியும்.

காலைப் பற்றிப் பேசும்போதே பிளேட்டையும் முடித்துவிடலாம். இப்போது நல்ல ஹெட் (ட்ரைபாடின் தலை) எல்லாம் ஆர்க்கா ஸ்விஸ் வகை, சுமார் 38 மி.மீ. அகலத்தில் இருபுறமும் சரிந்த விளிம்பு. டாம்ரான் ஜி2 மாதிரி சில லென்ஸ்களில் காலிலேயே அந்த வெட்டு இருக்கிறது. இல்லாதவற்றுக்குப் பிளேட் போட வேண்டும், அல்லது காலையே மாற்ற வேண்டும். காலை மாற்றுவதுதான் மேல், ஓர் இணைப்பு குறையும். பிளேட் என்றால் ஒற்றை ஸ்க்ரூ போதாது; இரண்டு ஸ்க்ரூ, அல்லது ஒரு ஸ்க்ரூவும் காலை அணைக்கும் உதடும் உள்ளதாகப் பாருங்கள். பிளேட்டின் இரு முனையிலும் அடியில் குட்டி ஸ்டாப் ஸ்க்ரூக்கள் வரும். அவற்றைத் தொந்தரவு என்று கழற்றி எறிகிறவர்கள் உண்டு. பிளேட்டைக் கவ்வும் கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தால் லென்ஸ் வழுக்கிக் கீழே போகாமல் தடுப்பது அந்தக் குட்டிகள்தான்.

கீல் வைத்துத் திறக்கும் காலர்களில் இன்னொரு ஜாக்கிரதை. செங்குத்துப் படத்துக்குத் திருப்ப வேண்டுமானால் குமிழை அரைச் சுற்று தளர்த்தினால் போதும். முழுக்கச் சுற்றினால் காலர் வாயைத் திறந்துவிடும், லென்ஸ் கையோடு வரும் அல்லது தரைக்குப் போகும். நடக்கும்போது ஜூம் லாக் போடுவதும் மறக்கக் கூடாது. கீழ்நோக்கித் தொங்கும் 150-600 தன் எடைக்கே நீண்டு, நீண்ட மூக்கோடு கதவிலும் பாறையிலும் முட்டும்.

கையில் பிடிப்பதற்கு வருவோம். எடை முழுக்க இடது உள்ளங்கையில்தான். வலது கை ஷட்டருக்கும் டயலுக்கும் மட்டும். ஜூமை நீட்டியதும் எடையின் மையம் முன்னால் நகரும், இடது கையும் கூடவே முன்னால் நகர வேண்டும். பலரும் கையைப் பாடிக்கு அருகிலேயே விட்டுவிடுகிறார்கள், மூக்கு துள்ளுவது அதனால்தான். தண்ணீர்க் குடத்தை யாரும் கை நீட்டித் தூக்குவதில்லை, இடுப்பில் வைத்துத்தான் தூக்குவார்கள். இங்கேயும் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். காலர் காலை மேல்பக்கம் திருப்பிவிட்டால் உள்ளங்கையை உறுத்தாது. இடது கால் அரையடி முன்னால். பறக்கும் கூழைக்கடாவைத் தொடரும்போது கையைத் திருப்பாமல் இடுப்பிலிருந்து திரும்புங்கள். ஷட்டர் ஸ்பீட், பறவை பறந்தால் 1/2000 நொடி, அமர்ந்திருந்தால் ஸ்டெபிலைசேஷனோடு (கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி) 1/500 என்பது நல்ல ஆரம்பம். ஒரு நிமிடம் தாண்டித் தூக்கியே வைத்திருந்தால் எந்தக் கையும் நடுங்கும். இறக்குங்கள், பறவை எங்கும் போகாது. போனால் அடுத்தது வரும்.

இனி மோனோபாட். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அரை கிலோ எடையுள்ள ஒரு குச்சி, 3 கிலோவைக் கையிலிருந்து இறக்கி வைக்கிறது. அதோடு ஷட்டர் ஸ்பீடில் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வேகம் பாதியாவது) தைரியமாக இறங்கலாம். அதன் மேல் பால் ஹெட் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. பால் ஹெட் நாலு பக்கமும் சாயும், லென்ஸ் தொப்பென்று கவிழ்ந்து குச்சியில் மோதும். தேவை மேலும் கீழும் மட்டும் சாயும் டில்ட் ஹெட். இடவலத்துக்குக் குச்சியே சுழலும், செங்குத்துக்குக் காலர் இருக்கிறது. உயரம் வாங்கும்போது, ஹெட்டையும் சேர்த்து, நிமிர்ந்து நின்றால் வியூஃபைண்டர் கண்ணுக்கு மேல் ஒரு சாண் போகிறதா என்று பாருங்கள். மரத்து உச்சியைப் பார்க்கும்போது கேமரா பின்பக்கம் தாழும், சரிவில் குச்சி உங்கள் காலுக்குக் கீழே ஊன்றும், அந்த ஒரு சாண் அப்போது தேவைப்படும்.

குச்சியை உடம்புக்கு நேராக நட்டு நிற்பதில் பயனில்லை. ஓரடி முன்னால் ஊன்றி, தன் பக்கம் சாய்த்து, இரண்டு காலையும் அகட்டி நின்றால் மூன்று முனைகளாகிவிடும். இடது கையை லென்ஸ் மேல் போட்டு லேசாகக் கீழே அழுத்துங்கள், புருவத்தைப் பாடியோடு ஒட்டுங்கள். லென்ஸை மாட்டும் முன் குச்சியை நீட்டிப் பூட்டி, உடம்பு எடையைக் கொஞ்சம் அதன் மேல் போட்டுப் பார்த்துவிட வேண்டும். தளர்ந்த பூட்டு அப்போதே வழுக்கும், லென்ஸோடு சேர்ந்து வழுக்கக் கூடாது.

வண்டியில் உட்கார்ந்து எடுப்பதற்கு பீன் பேக்கை மிஞ்ச ஒன்றும் இல்லை. முதுமலையில் வனத்துறை வண்டியில் நெருக்கியடித்து உட்காரும்போது ட்ரைபாடை விரிக்க இடம் ஏது? பை ஒன்றும் பெரிய விஷயமில்லை, பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தையல்காரரிடம் ஜிப் வைத்துத் தரச் சொன்னால் முடிந்தது. உள்ளே 2 முதல் 3 கிலோ அரிசி அல்லது பச்சைப்பயறு, முக்கால் பங்கு மட்டும். நிறைத்துவிட்டால் கல்லு மாதிரி நிற்கும், லென்ஸுக்குப் படுக்கை அமையாது. தெர்மாகோல் உருண்டை வேண்டாம், எடையே இல்லாததால் பையே நழுவும். பயறு நனைந்தால் முளை கட்டும், சும்மா கிடந்தால் வண்டு விழும், சீசன் முடிந்ததும் கொட்டிவிடுங்கள். விமானத்தில் போகிறவர்கள் பையைக் காலியாகக் கொண்டுபோய், இறங்கிய ஊர் மளிகைக் கடையில் நிரப்பிக்கொள்ளலாம். உள்நாட்டில் கைப்பைக்கு வழக்கமாகக் கிடைப்பது 7 கிலோதான், அதை லென்ஸுக்கு மிச்சம் பிடியுங்கள்.

காரில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக் கதவின் மேல் பையை வையுங்கள், பாதி ஏற்றிய கண்ணாடி மேல் பாரம் ஏற்றக் கூடாது. ஜூம் வளையமோ ஃபோகஸ் வளையமோ பையில் அழுந்தாதபடி லென்ஸைக் கிடத்துங்கள். எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். பழவேற்காட்டில் படகு என்றால் கணக்கே வேறு: மோட்டார் ஓடும்போது மரப்பலகையில் ஊன்றிய எதுவும் நடுங்கும், அங்கே உடம்புதான் ஷாக் அப்சார்பர், கையில் பிடியுங்கள்.

சரி, ட்ரைபாட் யாருக்கு? ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கு, மறைவிடத்துக்குள் உட்காருபவர்களுக்கு, 4 கிலோ ப்ரைம் வைத்திருப்பவர்களுக்கு. முழு ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. பார்ப்பது மூலைக்கு மூலை சுமார் 4 டிகிரிதான், காலில் ஒரு சிறு நடுக்கம் வந்தாலும் பறவை ஃப்ரேமைவிட்டு ஓடும். பெட்டியில் "25 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பது உடையாது என்பதற்கு உத்தரவாதம், ஆடாது என்பதற்கு இல்லை. மேல் குழாய் 32 மி.மீ. தடிமன் இருக்கிறதா, நடுக்கம்பம் இல்லாமல் உயரம் வருகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். நடுக்கம்பத்தை உயர்த்திய ட்ரைபாட், மேலே மோனோபாட் வைத்த ட்ரைபாட்.

கிம்பலை வாங்கியவர்களில் பலர் அதைச் சமன் செய்வதே இல்லை, இறுக்கிவைத்து பால் ஹெட் மாதிரி ஓட்டுகிறார்கள். வேலை ஐந்து நிமிடம். ட்ரைபாடின் தலையை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஹூட் மாட்டி, ஜூமை நீங்கள் அதிகம் எடுக்கும் நீளத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். லென்ஸை ஒரு கையால் பிடித்தபடி சாய்வுக் குமிழைத் தளர்த்துங்கள். மூக்கு கவிழ்ந்தால் பிளேட்டைப் பின்னால் இழுங்கள், பாடி கவிழ்ந்தால் முன்னால் தள்ளுங்கள். அடுத்தது எல்லாரும் விட்டுவிடும் பாதி: லென்ஸை 45 டிகிரி சாய்த்துக் கையை விடுங்கள், ஆனால் அடியில் கை இருக்கட்டும். மேலும் சாய்ந்துகொண்டே போனால் லென்ஸ் அச்சுக்கு மேலே இருக்கிறது, தாங்கும் தட்டை இறக்குங்கள். தானாக நிமிர்ந்து பழைய நிலைக்கு வந்தால் தாழ்ந்திருக்கிறது, ஏற்றுங்கள். விட்ட இடத்தில் விட்டபடி நின்றால் வேலை முடிந்தது, குமிழைத் தொடாமலே ஒரு விரலால் ஓட்டலாம். பழைய லென்ஸை அசையாமல் பூட்டிய ட்ரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசேஷனை அணைப்பது நல்லது, இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆட்டும். கிம்பல் தளர்வாக ஓடும்போது ஆனிலேயே இருக்கலாம்.

ஒன்பது, பத்து மணிக்குமேல் பள்ளிக்கரணையில் தூரத்துப் பறவை அலையலையாகத் தெரிந்தால் அது கானல். அதற்கு எந்த ட்ரைபாடும் மருந்தில்லை, கிட்டப் போக முடியாவிட்டால் மூட்டை கட்டலாம்.

கோடியக்கரை உப்புச் சேற்றில் இறங்குவதென்றால் வழக்கத்துக்கு மாறாக அடிப்பகுதிக் குழாயை முதலில் முழுக்க நீட்டுங்கள், பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பூட்டைக் கழற்றி மணலைத் துடையுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் எந்தப் பக்கம் மேலே இருந்தன என்று கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, செகண்ட் ஹேண்டில் லென்ஸ் பார்க்கிறவர்களுக்கு. முன் சொந்தக்காரர் எப்படித் தூக்கினார் என்பதை லென்ஸே சொல்லும். காலர் காலின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா, காலரைத் தளர்த்திச் சுற்றினால் மணல் அரைபடுகிறதா, மவுண்ட் ஸ்க்ரூக்களில் கை வைத்த தடம் இருக்கிறதா, பாருங்கள். பிறகு ஓர் அச்சிட்ட நாளிதழைச் சுவரில் ஒட்டி, தூரத்தில் நேராக நின்று ஒரு படம். காலரைத் தளர்த்திக் கேமராவோடு லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம். ஃப்ரேமின் அதே ஓரம் இரண்டிலும் மங்கலாக இருந்தால் கோளாறு லென்ஸிலோ மவுண்ட்டிலோ, வாங்காதீர்கள். நாளிதழின் அதே பக்கம் மங்கினால் நீங்கள் நேராக நிற்கவில்லை, நகர்ந்து இன்னொரு முறை எடுங்கள்.